எச்.ஐ.வி. உள்ள தம்பிக்குப் பெண் பார்க்கலாமா? சுங்கை சிப்புட்டிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி: நாங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், இப்போது தாமான் குடியிருப்பில் வீடு. என் தம்பிக்கு 33 வயது. ஏழு ஆண்டுகளாக எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிடுகிறான். வேலைக்கு ஒழுங்காகப் போகிறான், உடம்பும் நன்றாக இருக்கிறது. கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறான். "யாரிடமும் சொல்லாமல் தமிழ்நாட்டிலிருந்து பெண் எடுத்துவிடலாம்" என்கிறார் அம்மா. "இவனுக்கு எதற்குக் கல்யாணம்?" என்கிறார் மாமா. ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு என் பிள்ளைகளுக்கும் வரன் வராதே என்று எனக்குப் பயம். நாங்கள் என்ன செய்வது?

பதில்: உங்கள் தம்பி தாராளமாகத் திருமணம் செய்துகொள்ளலாம். அதைத் தடுக்கும் சட்டம் மலேசியாவில் இல்லை; மருத்துவமும் தடுக்கவில்லை. ஆனால் அம்மா சொல்லும் வழியில் வேண்டாம். வரப்போகும் பெண்ணுக்கு, பரிசம் போடுவதற்கு முன்பே, தம்பியின் வாயாலேயே விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அவளைத் தவிர ஊரில் வேறு எவருக்கும் தெரிந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. நம் பக்கத்துக் குடும்பங்கள் பல இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றன. ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் பெண்ணிடமும் மறைத்துவிடுகிறார்கள். பிறகு உண்மை வெளிவரும்போது பெண்ணையும் இழந்து ஊரையும் இழந்து நிற்கிறார்கள்.

நான் பேராக்கில் அரசாங்கக் கிளினிக்குகளில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கர்ப்பிணிகளுக்கு இரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லும் அறையில் வெகுகாலம் இருந்திருக்கிறேன். தன் கணவருக்கு நோய் இருப்பதே தெரியாமல், வயிற்றில் பிள்ளையோடு வந்து, அந்த அறையில் முதன்முதலாக அந்தச் செய்தியைக் கேட்ட பெண்களின் முகங்கள் இன்றும் எனக்கு நினைவில் இருக்கின்றன. மறைத்துச் செய்யும் திருமணத்தை நான் இவ்வளவு உறுதியாக எதிர்ப்பதற்குக் காரணம் அவர்கள்தான்.

முதலில் மருத்துவத்தைப் பேசிவிடலாம், ஏனென்றால் மற்ற எல்லாப் பேச்சும் அதன் மேல்தான் நிற்கிறது. எச்.ஐ.வி. கிருமி இரத்தத்தில் உள்ள பாதுகாப்பு அணுக்களுக்குள் புகுந்து தன்னைப் பெருக்கிக்கொள்ளும். தம்பி சாப்பிடும் மாத்திரைகள் அந்தப் பெருக்கத்தை நிறுத்துகின்றன. ஒழுங்காகச் சாப்பிட்டால், பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திற்குள், இரத்தத்தில் உள்ள கிருமியின் எண்ணிக்கை பரிசோதனைக் கருவியால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். அந்த அளவு அப்படியே நிலைத்திருக்கும் ஒருவரிடமிருந்து உடலுறவின் வழியாகத் துணைக்குக் கிருமி போவதில்லை. இது ஆறுதலுக்காகச் சொல்லும் வார்த்தை இல்லை, ஆயிரக்கணக்கான தம்பதிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்துக் கண்ட முடிவு. ஒருவருக்குக் கிருமி இருந்து மற்றவருக்கு இல்லாத 1,763 தம்பதிகளை ஒன்பது நாடுகளில் பின்தொடர்ந்த ஓர் ஆய்வின் முதல் முடிவு 2011 ஆம் ஆண்டில் வெளியானது. சீக்கிரமே சிகிச்சை தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது 96 விழுக்காடு குறைந்திருந்தது. அந்த ஆய்வு நடந்த இடங்களில் சென்னையும் ஒன்று. அதில் பங்கெடுத்தவர்களில் நம்மைப் போலத் தமிழ் பேசும் கணவன் மனைவியரும் இருந்தார்கள். பிறகு ஐரோப்பாவில் நடந்த இன்னோர் ஆய்வு 2016 இல் வெளியானது. அதில் இருந்த தம்பதிகள் ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை உடலுறவு கொண்டிருந்தும், சிகிச்சையில் இருந்த துணையிடமிருந்து மற்றவருக்குக் கிருமி போனதாக ஒரு சம்பவம்கூடப் பதிவாகவில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் 2023 ஆம் ஆண்டில், கண்டுபிடிக்க முடியாத அளவில் கிருமி உள்ளவரால் துணைக்குப் பரவும் அபாயம் பூஜ்யம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஆகவே தம்பியிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "கடைசியாக எடுத்த வைரல் லோட் எவ்வளவு?" என்பதுதான். வைரல் லோட் என்பது இரத்தத்தில் உள்ள கிருமியின் எண்ணிக்கை. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 200 கிருமிகளுக்குக் கீழே, ஆறு மாதத்திற்கு மேலாக அப்படியே இருக்கிறது என்று டாக்டர் சொன்னால், வருகிற பெண்ணிடம் நிமிர்ந்து நின்று பேசலாம். சி.டி.4 எண்ணிக்கை உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டுவது. அது அவருடைய நலனுக்கு முக்கியம், ஆனால் பரவுமா பரவாதா என்பதைச் சொல்வது வைரல் லோட்தான். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களிலேயே கிருமி திரும்ப எழுந்துவிடும், ஏனென்றால் அது சில அணுக்களுக்குள் உறங்கிக்கொண்டிருக்கிறது. மருந்து அதை அடக்கிவைக்கிறதே தவிர வேரோடு எடுப்பதில்லை. நம் ஆட்களில் சிலர் உடம்பு தேறியதும் "நோய் போய்விட்டது" என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். இன்னும் சிலர் யாரோ சொன்ன நாட்டு மருந்தை நம்பி நிறுத்துகிறார்கள். எச்.ஐ.வி.யை முழுமையாகக் குணப்படுத்தும் நாட்டு மருந்து எதுவும் கிடையாது என்பதை வீட்டில் பெரியவர்கள் காதில் விழும்படி ஒருமுறை சொல்லிவையுங்கள். பெண் வீட்டார் கேட்க வேண்டியதும், மாப்பிள்ளைக்கு நோய் எப்படி வந்தது என்பதைவிட, மருந்தை எவ்வளவு ஒழுங்காகச் சாப்பிடுகிறார் என்பதுதான்.

தம்பி ஒரு காலத்தில் ஊசி மூலம் போதைப்பொருள் எடுத்தவராக இருந்தால், கல்லீரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் சி நோய்க்கான பரிசோதனையையும் சேர்த்துச் செய்துகொள்ளட்டும். அது மருந்தால் முழுமையாகக் குணமாகக்கூடிய நோய். 2017 ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் அந்த மருந்தின் காப்புரிமையைத் தாண்டி மலிவான வகையைத் தருவிக்க அனுமதி வழங்கியதால், முன்பு பணக்காரர்களுக்கு மட்டுமே எட்டியது இன்று அரசாங்க மருத்துவமனையிலேயே கிடைக்கிறது.

பிள்ளை பற்றி. கேள்வியில் நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மாமாவின் மனதில் இருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். தந்தையிடமிருந்து நேராகப் பிள்ளைக்கு எச்.ஐ.வி. போவதில்லை. தாய்க்கு இருந்தால்தான் கருவிலோ பிரசவத்திலோ தாய்ப்பாலிலோ பிள்ளைக்குப் போகும். தம்பியின் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவில் இருக்கும்போது மனைவிக்குப் போகாது, மனைவிக்குப் போகாவிட்டால் பிள்ளைக்கும் போக வழியில்லை. இயல்பான முறையிலேயே பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். மனைவி இன்னும் கூடுதலான பாதுகாப்பு வேண்டும் என்று நினைத்தால், கிருமி இல்லாதவர்கள் முன்கூட்டியே சாப்பிடும் பிரெப் என்ற மாத்திரை உண்டு. 2023 முதல் தேர்ந்தெடுத்த சில அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளிலும் அதைக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பெண்ணுக்கே எச்.ஐ.வி. இருந்தாலும் கதவு மூடிவிடவில்லை. சிகிச்சை இல்லாத தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு 15 முதல் 45 விழுக்காடு வரை இருக்கும். தாய் மருந்தில் இருந்து, பிள்ளைக்கும் பிறந்தவுடன் மருந்து கொடுத்தால் அது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். மலேசியா 1998 ஆம் ஆண்டிலிருந்தே கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனையைச் செய்துவருகிறது. அதன் பலனாக, தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸ் என்ற பால்வினை நோயும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அந்தச் சான்றைப் பெற்ற முதல் நாடு நம்முடையது. தோட்டம் தோட்டமாகப் போய் "அம்மா, கிளினிக்குக்கு வந்து இரத்தம் கொடுங்கள்" என்று கெஞ்சிய தாதிகள் எத்தனையோ பேரின் உழைப்பு அந்தச் சான்றுக்குப் பின்னால் இருக்கிறது. இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் ஊர் ஏன் பயப்படுகிறது? அந்தப் பயத்தை அறியாமை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அது அனுபவத்திலிருந்து வந்த பயம். மலேசியாவில் முதல் எச்.ஐ.வி. தொற்று 1986 இல் கண்டுபிடிக்கப்பட்டது. 2002 ஆம் ஆண்டில் ஒரே ஆண்டில் 6,978 புதிய தொற்றுகள் பதிவாயின, அதுவே உச்சம். அந்தக் காலத்தில் பெரும்பாலும் போதை ஊசியைப் பகிர்ந்துகொண்ட ஆண்களுக்குத்தான் வந்தது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு, லயங்களை இடித்து, குடும்பங்கள் பட்டணத்து ஓரங்களுக்கு வந்து சேர்ந்த அதே ஆண்டுகளில்தான், வேலையும் பிடிப்பும் இல்லாமல் நின்ற நம் பையன்கள் பலர் அந்தப் பழக்கத்தில் விழுந்தார்கள். உடம்பு எலும்பாகி, வாயில் புண்ணோடு, கடைசி நாட்களில் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் கிடந்தவர்களை இந்த ஊர் கண்ணால் பார்த்திருக்கிறது. பெட்டியைத் திறக்கக் கூடாது என்று சொல்லி மூடிய பெட்டியோடு பிணத்தை வீட்டுக்கு அனுப்பிய நாட்களும் இருந்தன. பெற்ற தாய் முகம் பார்த்து அழ முடியாமல் பலகையைத் தடவி அழுததை நான் பார்த்திருக்கிறேன். அதைக் கண்ட தலைமுறைதான் இன்று மாமாவாகவும் பெரியப்பாவாகவும் சபையில் உட்கார்ந்து "வேண்டாம்" என்கிறது.

அதன் பிறகு நடந்த மாற்றத்தை அவர்களிடம் யாரும் போய்ச் சொல்லவில்லை. 2005 இல் போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் மெத்தடோன் சிகிச்சையும், அடுத்த ஆண்டில் பழைய ஊசிக்குப் பதில் புது ஊசி மாற்றித் தரும் திட்டமும் தொடங்கின. 2006 முதல் எச்.ஐ.வி.க்கான முதல்நிலை மருந்துகள் அரசாங்கத்தில் இலவசம். அன்றைக்கு இறந்துபோனவர்களுக்கு இந்த மருந்து கைக்கு எட்டவில்லை. இன்றைக்கு மாத்திரை சாப்பிடுபவர் மற்றவர்களைப் போலவே நெடுங்காலம் வாழ்கிறார். "இவனுக்கு எதற்குக் கல்யாணம்?" என்று கேட்கும் மாமாவிடம் தம்பியின் வயதையும் இந்த ஒரு விஷயத்தையும் எடுத்துச் சொல்லுங்கள். இன்னும் முப்பது நாற்பது ஆண்டுகள் வாழப்போகிற மனிதனைத் தனியாக இருக்கச் சொல்வதற்கு யாருக்கு உரிமை இருக்கிறது?

இனி அம்மாவின் யோசனைக்கு வருகிறேன். அவருடைய பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பெண்ணின் நிலையில் இருந்து ஒருமுறை பாருங்கள். விமானம் ஏறி வந்து, மொழி தெரியாத நாட்டில், கணவனின் பெயரில் வாங்கிய விசாவில் இருக்கிறாள். கர்ப்பமானதும் கிளினிக்கில் இரத்தம் எடுப்பார்கள். அவளுக்கு இல்லை என்று வந்தாலும், கணவரின் மாத்திரையை அவள் என்றைக்காவது பார்ப்பாள். மாத்திரைப் போத்தலின் லேபிளைச் சுரண்டி எடுத்துவிட்டு, வைட்டமின் போத்தலில் மாற்றி வைத்துச் சாப்பிட்ட கணவன்மார்களை எனக்குத் தெரியும். வெளியூர்ப் பயணம் வந்தாலோ மனைவி பக்கத்தில் இருந்தாலோ அவர்கள் மாத்திரையைத் தவறவிட்டார்கள். தவறவிட்டதால் கிருமி ஏறியது. ஏறியதால் மனைவிக்குப் போனது. ஒளித்துச் சாப்பிடுகிறவரால் ஒழுங்காகச் சாப்பிட முடிவதில்லை. மனைவியைக் காப்பாற்றுவது அந்த மாத்திரை என்றால், அதை அவள் கண் முன்னால் சாப்பிட முடிகிற வீடாக அது இருக்க வேண்டும். மறைப்பதால் வரும் கேடு வெறும் மன வருத்தத்தோடு நின்றுவிடுவதில்லை என்பதை அம்மாவுக்கு இந்த வழியில் சொல்லிப் பாருங்கள்.

சட்டமும் இதில் பேசுகிறது. 1988 ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 12 ஆம் பிரிவு, தனக்குத் தொற்றுநோய் இருப்பதை அறிந்தவர் பிறரைத் தொற்றுக்கு உள்ளாக்கும்படி நடந்துகொள்வதைக் குற்றமாக்குகிறது. முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணத்தை ஆளும் 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 70 ஆம் பிரிவு, திருமணத்தின்போது துணைக்குத் தொற்றும் நிலையில் பால்வினை நோய் இருந்திருந்தால், அது முன்பு தெரியாதிருந்த மற்றவர் திருமணத்தைச் செல்லாது என்று அறிவிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்க இடம் தருகிறது. அந்தச் சொல்லுக்குள் எச்.ஐ.வி. அடங்குமா என்பதும், கட்டுப்பாட்டில் உள்ள கிருமியைத் தொற்றும் நிலை என்று சொல்லலாமா என்பதும் வழக்கறிஞர்கள் வாதிட வேண்டியவை. அந்த வாதம் உங்கள் வீட்டு விஷயத்தை வைத்து நடக்க வேண்டாம் என்பதே என் விருப்பம். தெரிந்தே சம்மதித்து வந்த பெண் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்விகளுக்கு இடமில்லை.

எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது? நம்மிடம் ஒரு நல்ல வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. செவ்வாய் தோஷம் உள்ள பிள்ளையென்றால் ஜாதகம் கைமாறும்போதே சொல்லிவிடுகிறோம். பரிசத்துக்குப் பிறகு தெரிந்தால் அது துரோகம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே ஒழுங்கு இங்கேயும் போதும். ஆனால் ஜாதகம் போல இதைக் காகிதத்தில் எழுதித் தரகர் கையில் கொடுக்கக் கூடாது. முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் பிடித்திருக்கிறது, மேலே பேசலாம் என்ற நிலை வந்ததும், பெரியவர்கள் தேதி குறிப்பதற்கு முன், தம்பி பெண்ணிடம் தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும், "என்னுடைய டாக்டரை வந்து பாருங்கள், உங்களுக்குத் தோன்றுவதையெல்லாம் நான் இல்லாமலே கேளுங்கள்" என்று அழைக்க வேண்டும்.

அப்படி வந்த ஒரு ஜோடி எனக்கு மறக்காது. அவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். அந்தப் பெண் துணிக்கடையில் வேலை. கூடத் தன் சித்தியை அழைத்து வந்திருந்தாள். டாக்டர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தபின் அந்தப் பெண் மூன்று கேள்விகள் கேட்டாள். "மாத்திரையை ஒருநாள் மறந்துட்டா என்ன ஆகும்?" "எங்கம்மாகிட்ட கட்டாயம் சொல்லணுமா?" மூன்றாவதைக் கேட்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்: "நான் வேண்டாம்னு சொன்னா இவரு மருந்தை விட்டுருவாரா?" டாக்டர், "அந்தப் பாரம் உங்களுக்கு வேண்டாம், அவர் எப்படியும் சாப்பிடுவார், நீங்கள் உங்களுக்காக மட்டும் முடிவு செய்யுங்கள்" என்றார். ஒருநாள் மறந்தால் ஒன்றும் ஆகிவிடாது, நினைவு வந்ததும் சாப்பிடலாம், அடிக்கடி மறந்தால்தான் ஆபத்து என்றும், அம்மாவிடம் சொல்வது அவளுடைய விருப்பம் என்றும் விளக்கினார். சில வாரங்கள் கழித்து அவள் சம்மதம் சொன்னாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் கிருமி இல்லை. அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு விஷயம் தெரியுமா என்று நான் கேட்டதில்லை.

அந்த மூன்றாவது கேள்வியை உங்கள் வீட்டார் எல்லோரும் யோசித்துப் பார்க்க வேண்டும். இரக்கத்தைக் காட்டிப் பெண்ணைச் சம்மதிக்கவைப்பது தவறு. வசதி குறைந்த குடும்பம், வயது கடந்த பெண், தகப்பன் இல்லாத பெண் என்று தேடிப்போய், "இவள் மறுக்கமாட்டாள்" என்ற கணக்கில் பேசி முடிப்பதும் அதே தவறுதான். மறுக்க முடியாதவள் கொடுக்கும் சம்மதம் எவ்வளவு காலம் தாங்கும்?

இதே இடத்தில் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். கணவனிடமிருந்து தொற்றி, கணவன் இறந்து, இருபதுகளிலேயே விதவையான பெண்கள் நம் தோட்டப்புறங்களில் இருக்கிறார்கள். எச்.ஐ.வி. உள்ள மகனுக்குப் பெண் தேடிப் பல வீடு ஏறி இறங்கும் தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். எச்.ஐ.வி. உள்ள மகளுக்கு மாப்பிள்ளை தேடி வந்த ஒரு குடும்பத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆணுக்கு வந்தால் வாலிபத்தில் தவறிவிட்டான் என்கிறோம். கட்டிய கணவனால் வந்தவளைக்கூட ஒழுக்கத்தை வைத்து அளக்கிறோம். "இவருக்கு இப்படி வந்தது, பாவம்; அவருக்கு அப்படி வந்தது, நன்றாக வேண்டும்" என்று தரம் பிரிக்கிற பேச்சு இருக்கும்வரை களங்கம் போகாது, ஏனென்றால் அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் மனிதர்கள் பரிசோதனைக்கே வர மறுக்கிறார்கள். உங்கள் தம்பிக்கு நியாயம் கேட்கும்போது அந்தப் பெண்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

எச்.ஐ.வி. உள்ளவர் எச்.ஐ.வி. உள்ளவரைத்தான் கட்ட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். இருவரும் விரும்பினால் அது நல்ல வழிதான். ஒருவர் வலியை மற்றவர் அறிவார், மாத்திரை நேரமும் ஒன்றாக அமையும். இந்தியாவில் இவர்களுக்கென்றே திருமணச் சந்திப்புகளும் இணையத் தளங்களும் நடத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் இதை ஒரு விதியாக்குவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இன்று கிடையாது. இந்திய உச்ச நீதிமன்றம் 1998 ஆம் ஆண்டில் ஒரு வழக்கில், இந்த நோய் உள்ளவரின் திருமண உரிமை நிறுத்திவைக்கப்பட்டதாகக் கருத வேண்டும் என்று சொன்னது. 2002 இல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு, அந்தக் கருத்துக்கு அந்த வழக்கில் தேவையே இருக்கவில்லை என்று கூறி அதை விலக்கியது. நம் நாட்டில் முஸ்லிம்களுக்குத் திருமணத்துக்கு முந்திய எச்.ஐ.வி. பரிசோதனையை ஜொகூர் மாநிலம் 2001 இல் கொண்டுவந்தது, பிற மாநிலங்களும் தொடர்ந்தன. அங்கேயும் நோய் இருக்கிறது என்று முடிவு வந்தால் திருமணத்தைத் தடுப்பதில்லை. இருவரையும் அழைத்து ஆலோசனை கூறி, தெரிந்து முடிவெடுக்க விடுகிறார்கள்.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இந்தப் பரிசோதனை விருப்பத்தைப் பொறுத்தது. கல்யாணம் பேசும் ஒவ்வொரு ஜோடியும், எச்.ஐ.வி. இருக்குமோ என்ற சந்தேகம் துளியும் இல்லாதவர்களும், கிளினிக்குக்குப் போய்ச் செய்துகொள்வது வழக்கமாக வேண்டும் என்பது என் கருத்து. எல்லோரும் போனால், போகிறவரைப் பார்த்து யாரும் எதுவும் பேச முடியாது. ஆனால் முடிவு அந்த இருவரோடு நிற்க வேண்டும். கோயில் நிர்வாகமோ மண்டபமோ தரகரோ அதைக் கேட்டு வாங்கக் கூடாது. பரிசோதனை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு: தொற்று ஏற்பட்ட உடனேயே அது தெரியாது. இப்போதுள்ள ஆய்வகப் பரிசோதனையில் 45 நாட்களுக்குள் தெரியும்; விரல் நுனியில் குத்திப் பார்க்கும் விரைவுப் பரிசோதனைக்கு மூன்று மாதம் வரை ஆகலாம்.

ஊரின் பயத்தைக் குறைக்க என்ன செய்யலாம் என்றும் உங்கள் கேள்விக்குள் ஒரு கேள்வி இருக்கிறது. கூட்டம் போட்டு ஒலிபெருக்கியில் பேசுவதால் எங்கள் பக்கத்தில் பெரிய மாற்றம் வந்து நான் பார்த்ததில்லை. தோட்டப் பட்டணத்தில் எந்தக் கருத்தும் ஐந்தாறு பேர் வழியாகத்தான் வீடுகளுக்குள் போகிறது: வரன் பார்க்கும் தரகர், கோயில் செயலாளர், முடிதிருத்தும் கடைக்காரர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர், தோட்டத்தில் முன்பு டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்து இன்றும் எல்லோரும் ஆலோசனை கேட்கும் பெரியவர். இவர்களுக்குத் தம்பியைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம். பொதுவாக, ஒரு செய்தியைப் போல, "இப்போதெல்லாம் மருந்து சாப்பிட்டால் பரவாதாமே, கட்டிக்கொண்டு பிள்ளை பெற்றுக்கொள்கிறார்களாமே" என்று பேச்சை எடுத்துப் பாருங்கள். ஒரே டம்ளரில் குடிப்பதால், பந்தியில் ஒன்றாகச் சாப்பிடுவதால், மணவறையில் பால் பழம் ஊட்டிக்கொள்வதால், ஒரே சவரக் கடையில் முடி வெட்டிக்கொள்வதால் பரவாது என்பதை இவர்கள் சொன்னால் ஊர் கேட்கும். டாக்டர் சொன்னால் "அவர் அப்படித்தான் சொல்வார்" என்று விட்டுவிடுவார்கள்.

களங்கம் பிறக்கும் இடங்களில் மருத்துவமனைக் கவுண்டரும் ஒன்று என்பதை இத்தொழிலில் இருந்தவள் என்ற முறையில் ஒப்புக்கொள்கிறேன். தெரிந்த முகம் கவுண்டரில் இருக்கிறது என்பதற்காக ஈப்போவுக்கோ கோலகங்சாருக்கோ பஸ் ஏறிப் போகிறவர்கள் உண்டு. நோயாளியின் விவரம் ஊழியர் ஒருவரால் வெளியே போயிருந்தால் அது சிறிய தவறு இல்லை. மருத்துவமனை இயக்குநரிடமோ சுகாதார அமைச்சின் பொதுப் புகார் முறையிலோ எழுத்தில் புகார் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. 1992 இல் தொடங்கப்பட்ட மலேசிய எய்ட்ஸ் மன்றத்தின் கீழ் இயங்கும் அமைப்புகளிலும், தானும் இந்த நோயோடு வாழ்ந்து பிறருக்குத் துணை நிற்பவர்களைச் சந்திக்கலாம். அம்மாவுக்கு அப்படி ஒருவரோடு ஒரு மணி நேரம் பேசக் கிடைத்தால், என்னுடைய இந்த நீண்ட பதிலைவிட அது அதிகம் செய்யும்.

உங்கள் பிள்ளைகளின் வரன் பற்றிய பயத்துக்கு: இது பரம்பரை நோய் கிடையாது. தம்பிக்கு இருப்பதால் உங்கள் பிள்ளைகளுக்கு வராது. அரசல்புரசலாகப் பேச்சு எழுந்தால் மறுத்துப் பொய் சொல்லவும் வேண்டாம், விளக்கம் கொடுக்கவும் வேண்டாம். "அவன் உடம்பைப் பற்றி அவனிடமே கேளுங்கள்" என்று அமைதியாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருங்கள். அழுது மறுக்கிற வீட்டைத்தான் பேச்சு சுற்றிச் சுற்றி வரும்.

இனிச் செய்ய வேண்டியது. தம்பியின் அடுத்த அப்பாய்ண்ட்மென்ட்டுக்கு முன்பே கிளினிக்குக்குப் போன் செய்து, திருமணம் பற்றிப் பேச வேண்டும், கொஞ்சம் கூடுதல் நேரம் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். அம்மாவையும் முடிந்தால் மாமாவையும் அழைத்துப் போங்கள். தம்பி சம்மதித்தால் டாக்டர் அவர்கள் முன்னால் பேசுவார். பெண் பார்த்துப் பேச்சு கூடிவரும்போது, தம்பி தன் பரிசோதனை முடிவை அவளிடம் நேரில் காட்டட்டும், ஆனால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். உறவு கூடாமல் போனாலும் அந்தப் படம் யாராவது ஒருவருடைய போனில் இருந்துகொண்டே இருக்கும். அவள் வேண்டாம் என்று சொன்னால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாமல், "எங்களை நம்பிக் கேட்டீர்கள், இது உங்களோடு இருக்கட்டும்" என்று மட்டும் சொல்லி, நல்லபடியாக அனுப்பிவையுங்கள். வீட்டாரிடம் காரணமாக ஜாதகம் பொருந்தவில்லை என்று அவளே சொல்லிக்கொள்ளலாம். பிறகு அடுத்த வரனைப் பாருங்கள்.